விளக்கு எரியுது, ஆனா வேலை செய்யுதா? டானிங் பெட்டைத் துடைப்பவர்களின் வரலாறு

இந்த எபிசோட் கொஞ்சம் விநோதமான ஒரு மெஷினைப் பத்தினது. நம்ம ஊர் பார்லர் போர்டுல "டி-டான்" என்று ஒரு ஐட்டம் கண்டிப்பா இருக்கும். வெயிலில் கறுத்த முகத்தைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரக் காசு கொடுக்கிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு நேர் எதிரான கடைகள் இருக்கின்றன. அங்கே காசு கொடுத்து ஒரு பெட்டிக்குள் படுத்து, பத்து இருபது நிமிஷம் விளக்கு வெளிச்சத்தில் காய்ந்து, பழுப்பு நிறமாக வெளியே வருகிறார்கள். அந்தப் பெட்டிதான் டானிங் பெட். சில நாடுகளில் சன்பெட், சில நாடுகளில் சோலாரியம்.

டானிங் பெட் நல்லதா கெட்டதா என்று பேச நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் வருவோம். ஆனா நான் இன்னிக்குப் பேசப்போற ஆள் வேற. ஒரு கஸ்டமர் எழுந்து போனதும், அடுத்தவர் வருவதற்கு முன் கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் துணியுமாக அந்த அறைக்குள் போகிறாரே, அவர். அவர் துடைக்கிற பொருள் என்ன, தெளிக்கிற மருந்து என்ன, எதை எப்போது மாற்றுகிறார் என்று பார்த்தால், இந்த மெஷினின் 120 வருஷக் கதையும் தானாக வந்துவிடுகிறது.

முதலில் அந்த அறைக்குள் போவோம்

டானிங் பெட் என்பது அடிப்படையில் நம்ம வீட்டு டியூப் லைட்தான். சோக்கு, ஸ்டார்ட்டர், குழாய் எல்லாம் அதே ஜாதி. ஒரு சாதாரண பெட்டில் கீழே ஒரு வரிசை, மேலே மூடி மாதிரி இறங்குகிற பகுதியில் ஒரு வரிசை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், பெரும்பாலும் 100 வாட். குழாய்களுக்கு மேலே வளைந்த அக்ரிலிக் ஷீட். அதன் மேல்தான் ஆள் படுப்பார். பின்னால் சூட்டை வெளியேற்ற ஃபேன்கள். பக்கத்தில் டைமர், அவசரமாக நிறுத்த ஒரு பட்டன். கண்ணுக்குச் சின்னக் கண்ணாடி.

ஆள் படுத்தால் வியர்க்கும். உடம்பில் லோஷன் வேறு பூசியிருப்பார்கள். எனவே அவர் எழுந்ததும் ஷீட்டின் மேல் வியர்வை, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல் எல்லாம் ஒட்டியிருக்கும். தோலில் வாழ்கிற ஸ்டாஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாவும், படர்தாமரையைக் கொண்டுவரும் பூஞ்சையும் இப்படிப்பட்ட பரப்புகளில் நாள்கணக்கில், சில சமயம் அதற்கும் மேல் தாக்குப்பிடிக்கும். அடுத்தவர் அதே இடத்தில் வெறும் உடம்போடு படுக்கப்போகிறார்.

இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வரும். "அட, அது யூவி லைட் தானே? அதுவே கிருமியைக் கொன்னுடும். துடைக்கணும்னு என்ன இருக்கு?"

கேட்க ரொம்ப லாஜிக்கலா இருக்கு, இல்லையா? நம்ம வீட்டு வாட்டர் ப்யூரிஃபையரில் யூவி விளக்கு தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. கொரோனா காலத்தில் யூவி பெட்டிக்குள் போனை வைத்து எடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு. அப்போ யூவி பெட்டிக்குள்ளேயே படுத்தால் எப்படி அழுக்கு இருக்கும்?

வெயில் கிருமியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தது யார்?

1801இல் ஜெர்மனியில் ஜோஹன் வில்ஹெல்ம் ரிட்டர் ஒரு சோதனை செய்தார். வெயிலை ப்ரிஸம் வழியாகப் பிரித்து, வெளிச்சம் பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்தையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் அது வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் மனிதனுக்கு அறிமுகமானது இப்படித்தான்.

1877இல் இங்கிலாந்தில் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் என்ற இருவர், சத்துக் கரைசல் ஊற்றிய சோதனைக் குழாய்களில் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை மறைத்தும் வைத்தார்கள். மறைத்து வைத்தவை பாக்டீரியா பெருகிக் கலங்கிப்போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. பாக்டீரியாவை வெயில் தடுக்கிறது, அதிலும் நீலம், ஊதாப் பக்கம்தான் வலுவானது என்று அவர்கள் எழுதினார்கள். 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரையே யூவி விளக்கால் சுத்திகரிக்கும் முயற்சி நடந்தது.

ஆக, நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கு. சிக்கல் என்னன்னா, யூவி என்பது ஒரே ஒரு கதிர் இல்லை, ஒரு குடும்பம். கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன் யூவி-சி. பாதரச ஆவி விளக்கில் அது 254 நானோமீட்டரில் வரும். ப்யூரிஃபையரில் இருப்பது அதுதான். தோலைப் பழுப்பாக்குவது யூவி-ஏ, யூவி-பி இரண்டும். டானிங் பெட்டில் பெரும்பகுதி யூவி-ஏ, அதாவது 315 முதல் 400 நானோமீட்டர் வரை. அதோடு சில சதவீதம் யூவி-பி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டானிங் குழாய்க்குள்ளும் முதலில் பிறப்பது அதே 254 நானோமீட்டர் கதிர்தான். குழாயின் உட்பக்கம் பூசிய பாஸ்பர் பொடி அதை விழுங்கி, 350 நானோமீட்டர் பக்கமாக மாற்றி வெளியே துப்புகிறது. தப்பிக்கிற கொஞ்சநஞ்சத்தையும் குழாயின் கண்ணாடி தடுத்துவிடுகிறது. கிருமியைக் கொல்லக்கூடிய கதிர் குழாய்க்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. வெளியே வருவது உங்கள் தோலைத்தான் மாற்றும், ஷீட்டில் இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸை நம்பிக்கையாகக் கொல்லாது. வெதுவெதுப்பு, வியர்வை, எண்ணெய்ப் பசை என்று கிருமிக்கு வசதியே செய்து தருகிறது.

அதனால் துடைத்தே ஆகணும். அடுத்த கேள்வி: எதால் துடைப்பது?

சானிடைசர் தெளிச்சா போச்சா?

நம்ம கை முதலில் போவது ஆல்கஹால் சானிடைசருக்கு. இல்லாவிட்டால் கண்ணாடி துடைக்கிற அந்த நீல லிக்விட். டானிங் பெட்டில் இரண்டும் கூடாது. காரணம், அது கண்ணாடி கிடையாது, அக்ரிலிக்.

அக்ரிலிக்கின் கதை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இருந்து வருகிறது. 1933இல் ஓட்டோ ரோமின் நிறுவனம் அதை பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியைவிட எடை குறைவு, வளைக்கலாம், எளிதில் நொறுங்காது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறைக் கூரை இதனால் ஆனது. கூரை சிதறி, அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியதை பிரிட்டிஷ் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். கண் அந்தத் துண்டுகளை எதிர்க்கவில்லை. அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைக்கலாமே என்று யோசித்து, 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அந்த வழியின் தொடர்ச்சியாகத்தான் 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் தொடங்கி, குறைந்த விலைக்கு உள்விழி லென்ஸ்களைத் தயாரித்தது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் தாத்தா பாட்டி கண்ணில் இந்த அக்ரிலிக் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

டானிங் பெட்டுக்கு வருவோம். அதில் போடுவது யூவி-யைத் தடுக்காமல் உள்ளே விடுகிற தனி வகை அக்ரிலிக். ஆல்கஹாலும் அம்மோனியா கலந்த திரவங்களும் பட்டால் அதில் மயிரிழை விரிசல்கள் விழும். சிலந்தி வலை மாதிரி பரவும். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது. போகப்போக ஷீட் மங்கும், கதிர் குறையும், விரிசலுக்குள் அழுக்கும் கிருமியும் போய் உட்காரும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் போகாது. சொரசொரப்பான பேப்பர் டவலும் கீறல் போடும். மிருதுவான துணிதான் சரி.

இதற்காகப் பயன்படுவது குவாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிருமிநாசினி வகை. முழுப் பெயர் குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மம். பெயரில் அம்மோனியம் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இது நீல லிக்விடில் இருக்கும் அம்மோனியா இல்லை. இதன் மூலக்கூறில் நேர் மின்னூட்டம் உண்டு. பாக்டீரியாவின் வெளிப்புறம் எதிர் மின்னூட்டம். காந்தம் மாதிரி போய் ஒட்டி, சவ்வைக் கிழிக்கும்.

1935இல் இந்த வகையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக். ஆமாம், முதல் சல்ஃபா மருந்தான பிரான்டோசிலைக் கண்டுபிடித்த அதே ஆள். 1939இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். ஹிட்லர் அரசு அவரை மிரட்டிப் பரிசை மறுக்க வைத்தது. போர் முடிந்து 1947இல்தான் பதக்கத்தையும் சான்றிதழையும் வாங்கினார். பணம் கிடைக்கவில்லை, காலக்கெடு தாண்டிவிட்டது. அவர் முன்வைத்த பென்சல்கோனியம் குளோரைடு என்ற பெயரை இன்றைக்கும் பல தரை கிருமிநாசினிகளின் லேபிளில் படிக்கலாம்.

குவாட்டுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அழுக்கின் மேல் தெளித்தால் வேலை செய்யாது. முதலில் வியர்வையையும் லோஷனையும் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டு, சொன்ன அளவில் தண்ணீர் கலக்க வேண்டும். அதைப் பார்க்க டெஸ்ட் ஸ்ட்ரிப் இருக்கிறது. மூன்று, பருத்தித் துணி குவாட்டை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாட்டிலில் சரியான அளவு இருந்தாலும் ஷீட்டுக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். நான்கு, இதுதான் முக்கியம்: லேபிளில் போட்ட நேரம் வரைக்கும் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். அது சில நிமிஷங்களாக இருக்கலாம், சில மருந்துக்கு 10 நிமிஷம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. மாலை நேரம், கடையில் கூட்டம், வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள். ஓர் ஆள், பல அறை. தெளித்த உடனே துடைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே விடத்தான் தோன்றும். பார்க்க பளபளவென்று இருக்கும், வாசனையும் வரும். ஆனால் கிருமி செத்திருக்காது. சுத்தமாகத் தெரிவதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் இடையே இருக்கிற இடைவெளி இந்தச் சில நிமிஷங்கள்தான்.

நர்ஸ் நின்ற இடம்

இப்போ விளக்குக்கு வருவோம். இந்த விளக்கு சலூனில் பிறக்கவில்லை, மருத்துவமனையில் பிறந்தது.

நீல்ஸ் ஃபின்சன் 1860இல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். கோபன்ஹேகனில் மருத்துவம் படித்தார். அங்கே அப்போது லூபஸ் வல்காரிஸ் என்ற தோல் காசநோய் முகத்தையே அரித்துத் தின்றுகொண்டிருந்தது. ஃபின்சன் கார்பன் ஆர்க் விளக்கின் வெளிச்சத்தை லென்ஸ்களால் குவித்து, அந்தப் புண்ணின் மேல் பாய்ச்சினார். 1896இல் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். 1903இல் நோபல் பரிசு. அடுத்த ஆண்டே, 43 வயதில் இறந்துபோனார்.

அவருடைய நிலையத்தின் பழைய படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நடுவில் விளக்கு, அதிலிருந்து தொலைநோக்கி மாதிரி குழாய்கள் இறங்கும். ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு நோயாளி, ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு நர்ஸ். சூடு தாக்காமல் தண்ணீர் ஓடுகிற ஒரு லென்ஸை அந்த நர்ஸ் தோலின் மேல் அழுத்திப் பிடித்திருப்பார். தோலில் இருந்து ரத்தம் விலகினால்தான் ஒளி ஆழமாகப் போகும். எரிய எரியக் கார்பன் குச்சி தேயும், அதையும் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆக, மெஷினைப் பராமரிப்பதும் நோயாளியைக் கவனிப்பதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடந்தன. 1900இல் லண்டன் மருத்துவமனைக்கு அலெக்ஸாண்ட்ரா வழியாக இந்த விளக்கு போனது. அவர் டென்மார்க் இளவரசி, அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ராணி.

2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஃபின்சனின் பழைய கருவிகளையே எடுத்து அளந்து பார்த்தார்கள். அந்த லென்ஸ் அமைப்பு 340 நானோமீட்டருக்குக் கீழே இருந்த கதிரைப் பெரும்பாலும் வெளியே விடவே இல்லை. காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருளை ஒளி தூண்டி, அதனால் கிருமி அழிந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. சிகிச்சை பலித்தது நிஜம், காரணம்தான் வேறு.

அடுத்த திருப்பம் 1919இல். பெர்லின் மருத்துவர் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பாதரச-குவார்ட்ஸ் விளக்கைக் காட்டினார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும் இன்னொரு கையின் எலும்பும் தேறியது. ஏதோ ஒரு பொருள் தோலில் உருவாகி ரத்தத்தில் போகிறது என்று தெரிந்தது. பின்னால் அதற்கு வைட்டமின் டி என்று பெயர் வந்தது. அதன் பிறகு யூவி விளக்கு ஆரோக்கியத்தின் சின்னமாகிவிட்டது. சோவியத் ரஷ்யாவின் வடக்குப் பகுதிகளில் கறுப்புக் கண்ணாடி போட்ட குழந்தைகள் விளக்கைச் சுற்றி வட்டமாக நிற்கும் புகைப்படங்களை நீங்களும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள்.

அதே 1920களில் ஐரோப்பியப் பணக்காரர்களின் ஃபேஷனும் தலைகீழானது. அதுவரை வெயிலில் கறுத்த தோல் என்றால் வயலில் வேலை செய்பவர். தொழிலாளர்கள் ஆலைக்குள் போய்விட்ட பிறகு, கறுத்த தோல் என்றால் கடற்கரையில் விடுமுறை கழிக்க வசதி உள்ளவர். கொக்கோ ஷனெல்தான் இதைத் தொடங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஒரு ஆள் மாத்தினாங்கன்னு சொல்றதைவிட, உழைப்பு நடக்கிற இடம் மாறினதுன்னு சொல்றது பொருத்தம்.

விளக்கு வீட்டுக்குள் வந்தது. நர்ஸ் வரவில்லை. வீட்டு யூவி விளக்குக்கு முன்னால் தூங்கிப்போய் முகம் வெந்தவர்கள், கண்ணை மூடாமல் கருவிழியைச் சுட்டுக்கொண்டவர்கள் என்று காயங்கள் வரத் தொடங்கின.

சுடாமல் கறுக்க வைக்கும் விளக்கு

1970களில் கதை யூவி-ஏ பக்கம் திரும்புகிறது. இதிலும் முதல் அடி மருத்துவத்தில்தான். எகிப்தில் வெண்புள்ளிக்கு அம்மி என்ற செடியின் விதையைக் கொடுத்து வெயிலில் நிற்க வைக்கும் பழக்கம் இருந்தது. 1940களில் கெய்ரோவைச் சேர்ந்த அப்தெல் மோனெம் எல் மோஃப்தி அந்த விதையின் சாரத்தை மருத்துவ முறையாகப் பயன்படுத்தினார். நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியிலும் அதே குடும்பப் பொருள் இருக்கிறது, நம்மிடமும் அது வெண்புள்ளிக்கான பழைய மருந்து. அதன் தாவரப் பெயர் சொராலியா. சொராலன் என்ற வேதிப்பெயரே அதிலிருந்து வந்தது. யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், தோல் வெந்துவிடும். 1974இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜான் பாரிஷ், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், மதுக்கர் பதக் உள்ளிட்டோர் சொராலனோடு வலுவான யூவி-ஏ விளக்கைச் சேர்த்து சொரியாசிஸ் நோய்க்குச் சிகிச்சை செய்ததை வெளியிட்டார்கள். யூவி-ஏ குழாய்கள் வரிசையாக நிற்கும் பெட்டி இப்போது ஒரு நிஜ சாதனம்.

அதே காலத்தில் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் வுல்ஃப், விளையாட்டு வீரர்களுக்கு யூவி ஒளி உதவுமா என்று பார்த்தபோது அவர்கள் பழுப்பாவதைக் கவனித்ததாகச் சொல்வார்கள். அவர் அதைத் தொழிலாக்கினார். 1970களின் கடைசியில் அது அமெரிக்கா போய், 1980களில் ஊருக்கு ஊர் கடையானது. விற்பனைப் பேச்சு இதுதான்: பழைய விளக்கு யூவி-பி, அது சுடும், புது விளக்கு யூவி-ஏ, சுடாது, எனவே பாதுகாப்பானது.

அந்த "எனவே"யில்தான் ஓட்டை. வேதனை இல்லை என்பதால் பாதிப்பு இல்லை என்றாகாது. யூவி-ஏ தோலில் இன்னும் ஆழமாகப் போகும். தோல் பழுப்பாவதே செல்லின் டிஎன்ஏ அடிபட்டதற்கு உடம்பு காட்டுகிற எதிர்வினை. நம்ம பாஷையில் சொன்னால், அலாரத்தை மியூட் செய்துவிட்டு சிஸ்டம் நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்வது.

மணி நேரக் கணக்கு

இந்தக் கடைகளில் விளக்கைப் பராமரிப்பவர் யார்? நர்ஸ் இல்லை. பெரும்பாலும் பகுதி நேர வேலைக்கு வந்த இளைஞர். அவர் கையில் இருக்கும் வேலை ஆச்சரியமான அளவுக்கு நுணுக்கமானது.

டானிங் குழாய் ஃபியூஸ் ஆகும் வரை காத்திருந்து மாற்றுவது கிடையாது. பாஸ்பர் பொடி நாளாக ஆகக் களைத்துவிடும். நீல வெளிச்சம் அப்படியே தெரியும், யூவி மட்டும் குறைந்துகொண்டே போகும். கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. நாம டாஷ்போர்டுல பச்சை லைட் எரியுதேன்னு நம்பி இருக்க, பின்னால சர்வீஸ் பாதி செத்துப்போயிருக்குமே, அதே கதை. அதனால் மெஷினில் மணி நேரம் எண்ணும் மீட்டர் வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் சொன்ன கணக்கு, பெரும்பாலும் 500 முதல் 1000 மணி நேரம், தாண்டியதும் மாற்ற வேண்டும்.

மாற்றிய அன்றுதான் ஆபத்து. தேய்ந்த விளக்குக்குப் பழகிய வாடிக்கையாளர் வழக்கம்போல அதே நிமிஷம் கேட்பார். புது விளக்கின் பலம் கூட. அவரிடம் "இன்னிக்கு நேரத்தைக் குறைச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் பகுதி நேர ஊழியருடையது. சொல்லாவிட்டால் அன்று இரவு அவர் தோல் எரிச்சலில் தூங்க மாட்டார்.

எந்த விளக்கை வேண்டுமானாலும் போடவும் கூடாது. டைமரில் இருக்கும் அட்டவணை மூல விளக்கை வைத்துப் போட்டது. அதே சாக்கெட்டில் பொருந்துகிற, ஆனால் யூவி-பி அதிகமான விளக்கைப் போட்டால், அட்டவணை மொத்தமும் பொய்யாகிவிடும். டிபெண்டன்சி வெர்ஷனை மாற்றிவிட்டு கான்ஃபிக்கைத் தொடாமல் விடுகிற மாதிரி. குழாயின் மேல் இருக்கும் குறியீட்டைப் படித்து, பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் போட வேண்டும். முகத்துக்கென்று உயர் அழுத்த விளக்கு உள்ள மெஷின்களில் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கும். அதில் விரிசல் விழுந்தால் மெஷினை ஓட்டவே கூடாது. அந்தக் கண்ணாடிதான் ஆபத்தான கதிரை மறித்து நிற்கிறது. ஃபேனில் தூசி சேர்ந்தால் சூடு ஏறும். குழாய் உடைந்தால் பாதரசம். கண் கண்ணாடியை ஒவ்வொருவருக்கும் பிறகு கிருமிநாசினியில் ஊற வைத்துக் கழுவ வேண்டும், ஸ்ட்ராப் அறுந்திருந்தால் தூக்கிப் போட வேண்டும். இமையை மூடினால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இமை மெல்லிய தோல், அது போதாது.

அமெரிக்காவின் எஃப்டிஏ இதையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவர 1979இல் விதிகள் வெளியிட்டது, 1985இல் திருத்தியது. டைமர், நிறுத்தும் வசதி, எச்சரிக்கை வாசகம், கண்ணாடி எல்லாம் கட்டாயம். அந்தக் கண்ணாடி யூவி-பி பகுதியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கதிரை உள்ளே விடக் கூடாது, யூவி-ஏ பகுதியில் நூற்றில் ஒரு பங்கு. ஐரோப்பியத் தரநிலை மெஷினின் பலத்துக்கே வரம்பு போட்டது: சதுர மீட்டருக்கு 0.3 வாட், அதுவும் தோலைச் சிவக்க வைக்கும் கணக்கில். வானிலை ஆப்பில் பார்க்கிறோமே யூவி இண்டெக்ஸ், அதில் இது 12. கடும் வெயில் கால நண்பகலுக்குச் சமம். வரம்பே அதுதான், கவனிங்க.

துணியால் துடைக்க முடியாதது

ஒரு கடை இதையெல்லாம் அச்சுப் பிசகாமல் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடைத்தாச்சு, 10 நிமிஷம் காத்தாச்சு, விளக்கு சரி, டைமர் சரி, கண்ணாடி சரி. இப்போ அந்த பெட் பாதுகாப்பானதா?

2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, யூவி டானிங் கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தம் இல்லை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 30 வயதுக்கு முன்பே டானிங் பெட் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா வரும் ஆபத்து 75 சதவீதம் அதிகம் என்று அது சொன்னது.

2010இல் அமெரிக்காவின் எஃப்டிசி, டானிங் தொழில் சங்கம் மக்களுக்குத் தவறான பாதுகாப்பு வாக்குறுதி கொடுத்ததாகக் குற்றம் சாட்டி, அப்படி விளம்பரம் செய்வதை நிறுத்தச் செய்தது. அதே ஆண்டு ஜூலையில் 10 சதவீத வரி. 2012 முதல் கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழ் தடை. பிரேசில் 2009இலேயே அழகுக்கான டானிங்கை முழுவதும் தடை செய்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற மெல்போர்ன் பெண் மெலனோமாவோடு தன் கடைசி நாட்களில் டிவியிலும் பத்திரிகையிலும் சோலாரியத்துக்கு எதிராகப் பேசினார். 2007 செப்டம்பரில் இறந்தபோது வயசு 26. இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்களில் பல பேரோட வயசு. அவர் பேசியது அந்த நாட்டை அசைத்தது. விதிகள் இறுகின. 2015 தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களில் வணிக சோலாரியங்கள் சட்டப்படி மூடப்பட்டன, அடுத்து மேற்கு ஆஸ்திரேலியாவிலும்.

பிரிட்டனில் இன்னொரு வழக்கம் வந்திருந்தது: ஊழியரே இல்லாத, காசு போட்டால் ஓடுகிற சன்பெட் கடை. துடைக்க ஒரு பாட்டில் சுவரில் தொங்கும், வாடிக்கையாளரே துடைத்துக்கொள்ள வேண்டும். வயது கேட்கவும், கண்ணாடி கொடுக்கவும், நேரத்தைக் குறைக்கச் சொல்லவும் ஆள் இல்லை. சிறுவர் சிறுமியர் உள்ளே போய் உடம்பெல்லாம் சுட்டுக்கொண்ட செய்திகள் வந்தன. ஸ்காட்லாந்து 2009இல் ஆளில்லாக் கடைகளைத் தடுத்தது. வேல்ஸும் 2011இல் தடுத்தது.

ஃபின்சனிடம் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். சலூனில் பல அறைக்கு ஓர் ஊழியர். கடைசியில் ஒரு காசு போடும் துவாரம். விளக்கு மாறியதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். விளக்குக்குப் பக்கத்தில் நின்ற ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனதும் அதே வரலாற்றின் பாதி என்று எனக்குப் படுகிறது.

அதற்காக, அந்த ஊழியர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. அவர் கையில் இருக்கும் துணி படர்தாமரையைத் தடுக்கும், புண்ணைத் தடுக்கும். அவர் பார்க்கிற மீட்டர் தோல் வேகாமல் காக்கும். கண்ணாடி கண்ணைக் காக்கும். இதெல்லாம் உண்மையான வேலை, மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அந்த மெஷின் எந்தக் கோளாறும் இல்லாமல், வடிவமைத்தபடியே ஓடும்போது செய்கிற சேதத்தை அவரால் துடைக்க முடியாது. பராமரிப்பு என்பது மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பது. அந்த வேலையே தேவையா என்ற கேள்வியை ஸ்ப்ரே பாட்டில் பிடித்தவரிடம் விட்டுவிட முடியாது.

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிற நண்பர்கள், ஜிம் மெம்பர்ஷிப்போடு டானிங் இலவசம் என்ற போர்டை எங்காவது பார்க்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால் ஷீட் பளபளன்னு மின்னும். இந்த எபிசோடை ஞாபகம் வெச்சுக்குங்க: துடைச்சது ஷீட்டை மட்டும்தான்.